தோசைக்கல்லில் கை பட்டால் முதலில் முடிவெடுப்பது மூளை இல்லை!

தோசைக்கல் சூடா இருக்குனு தெரியாம கையை வெச்சுட்டீங்க. கை சட்டுனு தானா விலகிடும். 'ஆ'ன்னு கத்துறது அதுக்கு அப்புறம்தான். இதை என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா?

அந்த நேரத்தில் கையை எடுக்கச் சொன்னது மூளை இல்லை. 'சுடுது' என்பதை மூளை உணர்வதற்கு முன்பே, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் உத்தரவு போட்டுவிடுகிறது. இதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறோம். மூளையிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தால், அதற்குள் தோல் இன்னும் வெந்துவிடும். அதனால்தான் இந்தக் குறுக்குவழி.

மேலே மூளை... கீழே தண்டுவடம்!

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம்தான். ஆனால், நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவிகிதம் இதற்கே போய்விடும். யோசிப்பது, பேசுவது, நினைவில் வைப்பது எல்லாம் பெருமூளையின் வேலை. பைக்கில் போகும்போது பேலன்ஸ் தவறாமல் பார்த்துக்கொள்வது சிறுமூளை. நாம் தூங்கினாலும் மூச்சு நிற்காமல் கவனித்துக்கொள்வது மூளைத்தண்டு.

இந்த மூளைத்தண்டின் தொடர்ச்சிதான் தண்டுவடம். கிட்டத்தட்ட நம் சுண்டுவிரல் தடிமன், சுமார் 45 செ.மீ நீளம். அவ்வளவுதான். அதிலிருந்து பிரியும் 31 ஜோடி நரம்புகள்தான் கை, கால், வயிறு, சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் மூளையோடு இணைக்கின்றன. இவற்றில் வேகமான நரம்புகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் ஓடும். அதாவது, ரயிலைவிட வேகம்!

அறுந்தால் ஒட்டாது

விரலில் ஒரு நரம்பு வெட்டுப்பட்டு, அதைத் தைத்துச் சேர்த்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ வீதம் மெதுவாக வளரும். தண்டுவடத்துக்கு அந்த வசதி இல்லை. அடிபட்ட இடத்தில் தழும்பு உருவாகி, நரம்பிழைகள் மீண்டும் வளரவிடாமல் தடுக்கிறது.

எங்கே அடிபடுகிறது என்பதும் முக்கியம். இடுப்புக்கு மேலே முதுகில் அடிபட்டால் கால்கள் செயலிழக்கலாம். கழுத்தில் என்றால் கைகளும் சேர்ந்து போகலாம். கழுத்தின் மேற்பகுதி என்றால் மூச்சுவிடுவதே சிரமமாகலாம்.

நல்லது செய்யப்போய்...

சாலையில் யாராவது பைக்கிலிருந்து விழுந்து கிடந்தால் நாம என்ன செய்வோம்? ஆளுக்கொரு பக்கம் கை காலைப் பிடிச்சுத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவெச்சு அனுப்புவோம். நல்ல மனசுதான். ஆனால், கழுத்தெலும்பு உடைந்திருந்தால், அதுவரை தப்பித்திருந்த தண்டுவடம் அந்த ஆட்டத்தில் நசுங்கிவிடலாம். நடந்து வீடு திரும்பியிருக்க வேண்டியவர், படுக்கையிலேயே இருக்க நேரலாம்.

அதனால் இவற்றை நினைவில் வெச்சுக்கோங்க:

* முதலில் 108-க்கு போன் பண்ணுங்க.

* தீ, வாகன நெரிசல் மாதிரி உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை நகர்த்த வேண்டாம்.

* தலையின் இரு பக்கமும் கைகளை வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்காதீங்க.

* ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம்.

* மூச்சு இல்லையென்றால் அதுதான் முதல் அவசரம். 108-ல் சொல்வதைக் கேட்டு உடனே செய்யுங்கள்.

தண்டுவடம் போனால் வாழ்க்கையே போச்சா?

இல்லை. வேலூர் சி.எம்.சி மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கும் அவர்தான் காரணம். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அறுந்த நரம்பை அவராலும் ஒட்டவைக்க முடியவில்லை. ஆனால், மிச்சமிருக்கும் உடலை வைத்து எப்படி வாழ்வது என்று பலருக்கும் கற்றுக்கொடுத்தார். நம்மால் முடிந்தது இன்னும் சுலபம். ஹெல்மெட் போடுவோம்; விழுந்தவரைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்போம்.