குரங்கு எண்ணுமா, குழந்தை ஏமாறுமா?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். சுற்றுவட்டாரச் செம்மண்ணில் கடலை நன்றாக விளையும். கடலை ஆயும் வீட்டு வாசல் ஒன்றில் இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். ஆறு கடலையை நெருக்கி ஒரு வரிசையாக வையுங்கள். அதற்குக் கீழே நான்கே கடலையை, நன்றாக இடைவெளி விட்டு, மேல்வரிசையைவிட நீளமாக வையுங்கள். நாலு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, “எதுல நிறைய இருக்கு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் விரல் நீள வரிசையைத்தான் காட்டும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இந்த மாதிரிச் சோதனைகளைக் கொண்டுதான் 1941-ல் எண்ணறிவு பற்றிய தன் நூலை எழுதினார். ஏறக்குறைய ஆறு, ஏழு வயதுவரை குழந்தைக்கு நீளம் வேறு, எண்ணிக்கை வேறு என்பது பிடிபடாது என்றார். பல ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. 1967-ல் ழாக் மெலர், தாமஸ் பெவர் என்ற இருவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார்கள். முதலில் களிமண் உருண்டைகளை வரிசையாக வைத்துக் கேட்டார்கள். பிறகு அவற்றை எடுத்துவிட்டு மிட்டாயை வைத்தார்கள். “எதில் அதிகம்?” என்று கேட்காமல், “எந்த வரிசை வேண்டுமோ எடுத்துத் தின்னலாம்” என்றார்கள். களிமண்ணில் தடுமாறிய நாலு வயதுக்காரர்கள் மிட்டாயில் சரியாக ஆறு உள்ள வரிசையை அள்ளினார்கள். இதைவிட வியப்பு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் களிமண்ணிலேயே தேறியது. பியாஜே இதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுப்பு எழுதினார். என்றாலும் அன்றிலிருந்து, ‘குழந்தைக்குத் தெரியுமா?’ என்ற கேள்வியோடு ‘எதை வைத்து, எப்படிக் கேட்டீர்கள்?’ என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டது.

குரங்குகள் விஷயத்திலும் இதே கதைதான். அந்தக் கதையில் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. அமெரிக்க விலங்கியலாளர் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் 1938-ல் வட இந்தியாவிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட ரீசஸ் குரங்குகளைக் கப்பலேற்றி, போர்ட்டோ ரிக்கோ கரையோரம் உள்ள காயோ சான்டியாகோ என்ற சிறு தீவில் விட்டார். நம் பக்கத்துக் கோயில்களிலும் புளியமரங்களிலும் திரியும் நாட்டுக்குரங்குக்கு நெருங்கிய உறவு இந்த ரீசஸ். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தத் தீவில் சுதந்திரமாகத் திரிகின்றன.

அந்தக் குரங்குகள் முன்னால் இரண்டு பெட்டிகளை வைத்து, ஆப்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுவிட்டு ஆய்வாளர்கள் விலகிப் போனார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது; போடும்போது பார்த்ததை மனத்தில் வைத்துத்தான் குரங்கு நடந்து வரவேண்டும். ஒன்றா இரண்டா, இரண்டா மூன்றா, மூன்றா நான்கா என்றால் அதிகம் உள்ள பெட்டிக்குப் போயின. நான்குக்கும் எட்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் திணறின. எட்டு இரண்டு மடங்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமே என்று நமக்குத் தோன்றும். 2000-ல் வந்த இந்த ஆய்வின் முதல் ஆசிரியர் மார்க் ஹவுசர். வேறு ஆய்வுகளில் முறைகேடு செய்ததாகக் கண்டறியப்பட்டு 2011-ல் ஹார்வர்டை விட்டு விலகியவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இதே சோதனையை பிஸ்கட் வைத்துக் குழந்தைகளிடம் லிசா ஃபைகன்சன் குழுவினர் செய்து 2002-ல் வெளியிட்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் கண்டு சரியான டப்பாவை நோக்கித் தவழ்ந்தன. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. குரங்குக்கு நான்கோடு தீர்ந்துபோன கணக்கு, குழந்தைக்கு மூன்றோடு தீர்ந்துபோனது.

ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. சின்ன எண்ணிக்கையை மனம் கூட்டமாகப் பார்ப்பதில்லை. இது ஒன்று, அது ஒன்று என்று ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பின்தொடர்கிறது. அப்படிப் பிடித்துவைக்க மூன்று, நான்கு இடங்கள்தான் உண்டு. அதைத் தாண்டினால் தோராய மதிப்பீடு என்ற இன்னொரு வழி இருக்கிறது. அது மொத்தமாகக் கண்ணில் பட்டால் நன்றாக வேலை செய்யும். எலிசபெத் பிரானனும் ஹெர்பர்ட் டெரஸும் 1998-ல் ரோசன்கிரான்ட்ஸ், மக்டஃப் என்ற இரண்டு ரீசஸ் குரங்குகளுக்குத் தொடுதிரையில் ஒன்று முதல் நான்குவரை வரிசைப்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் கற்றுத்தராத ஐந்து முதல் ஒன்பதுவரையிலும் எது குறைவு, எது அதிகம் என்று அவை தாமாகவே பிரித்துக் காட்டின. தீவில் எட்டைக் கோட்டைவிட்ட அதே இனம்தான்.

சாப்பாடு நடுவில் வரும்போது கதை இன்னும் சிக்கலாகிறது. ஓஹாயோவில் சாரா பாய்சன், ஷீபா என்ற சிம்பன்சியோடு ஒரு விளையாட்டு வைத்தார். இரண்டு தட்டில் மிட்டாய். ஷீபா தொடும் தட்டு பக்கத்திலிருக்கும் சிம்பன்சிக்குப் போகும், மிச்சம் ஷீபாவுக்கு. ஆக, குறைவானதைத் தொட்டால்தான் லாபம். எத்தனை முறை இழந்தாலும் ஷீபாவின் கை பெரிய குவியலுக்கே போனது. ஷீபாவுக்கு எண் வடிவங்கள் தெரியும். மிட்டாயை எடுத்துவிட்டு 1, 4 என்ற எண் அட்டைகளை வைத்ததும் சின்ன எண்ணைத் தொட்டது. விதி புரியாமல் இல்லை. மிட்டாயைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஸ்டெபனி கார்ல்சன் இதே மாதிரி ஒரு விளையாட்டை வைத்தபோது அவர்களும் பெரிய குவியலைக் காட்டித் தோற்றார்கள். குவியலுக்குப் பதில் யானைப் படமும் எலிப் படமும் வைத்ததும் பலர் தேறினார்கள். ஜெர்மனியில் வனெசா ஷ்மிட், யூலியா ஃபிஷர் இருவரும் 2011-ல் காட்டியது இதைவிட எளிமையானது. அதிகம் உள்ளதைத் தொட்டால் போதும், தந்திரம் எதுவும் கிடையாது. அதிலும் தீனியைப் பார்த்துத் தேர்ந்ததைவிடக் கூழாங்கற்களைப் பார்த்துத் தேர்ந்தபோது குரங்குகள் குறைவாகத் தவறின.

கவனியுங்கள்: மெலரும் பெவரும் மிட்டாய் வைத்ததும் குழந்தை தேறியது, இங்கே தீனியை எடுத்ததும் குரங்கு தேறுகிறது. ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரிந்தாலும் முரண் இல்லை என்பது என் எண்ணம். பியாஜேயின் கேள்வியில் குழந்தைக்கு அக்கறை இல்லை. பெரியவர் எதைக் கேட்கிறார் என்று ஊகிப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. மிட்டாய் அந்த அக்கறையைத் தந்தது. பாய்சனின் விளையாட்டில் அக்கறை ஏற்கெனவே தலைக்குமேல். குரங்கின் கணக்கையோ குழந்தையின் கணக்கையோ மட்டும் தனியே உருவி எடுத்து அளக்கும் சோதனை எதுவும் இல்லை.

இனி கண் ஏமாறும் விஷயம். ஒரே அளவு உணவைச் சிறிய தட்டிலும் பெரிய தட்டிலும் வைத்தால் சிறிய தட்டில் நிறைய இருப்பதாகத் தெரியும். அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்ரி பாரிஷ், மைக்கேல் பெரன் 2014-ல் சிம்பன்சிகளிடம் இதைப் பார்த்தார்கள். அவையும் சிறிய தட்டையே விரும்பின. சில நேரம் உண்மையில் குறைவாக இருந்தபோதும்.

எண்ணிக்கையிலேயே ஏமாற்றும் மயக்கம் ஒன்றும் உண்டு. வாசலில் கோலப்பொடியால் நடுவே நாலுக்கு நாலாகப் பதினாறு புள்ளி வையுங்கள். அதன் நான்கு பக்கமும் பக்கத்துக்கு நாலாக, காவிப்பொடியில் பதினாறு புள்ளி வையுங்கள். இரண்டும் பதினாறுதான். ஆனால் சேர்ந்திருக்கும் வெள்ளைதான் அதிகம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். உட்டா ஃபிரித், கிறிஸ் ஃபிரித் தம்பதியர் 1972-ல் இதைப் பதிவு செய்தார்கள். சிறு பலகையில் குண்டுகளை நகர்த்தி ஆடும் சாலிடேர் ஆட்டத்தின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

கிறிஸ்டியன் அக்ரில்லோவும் அட்லாண்டா குழுவும் இதைச் சிம்பன்சி, ரீசஸ், கபுச்சின் குரங்குகளிடம் காட்டினார்கள். மனிதர்கள் தவறாமல் மயங்கினார்கள். சிம்பன்சிகள் மயங்கவில்லை, பெரும்பாலான குரங்குகளும் மயங்கவில்லை. 2016-ல் பாரிஷ் குழுவினர் குழந்தைகளையும் புதிய கபுச்சின் குரங்குகளையும் ஒரே சோதனையில் ஒப்பிட்டபோது படம் கலங்கியது. இந்தக் குரங்குகள் மொத்தத்தில் மயங்கின, ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சிறு குழந்தைகள் குரங்குகளைப் போலவே நடந்துகொண்டார்கள். வயதில் மூத்த குழந்தைகள்தான் உறுதியாக மயங்கினார்கள். வயது கூடக் கூடத் தவறு கூடுகிறது என்பது வழக்கமான எதிர்பார்ப்புக்கு நேர் எதிர்.

இது இந்த ஒரு மயக்கத்தோடு நிற்கவில்லை. பெரிய வட்டங்கள் சூழ ஒரு வட்டம், சிறிய வட்டங்கள் சூழ அதே அளவில் இன்னொரு வட்டம். இரண்டாவது பெரிதாகத் தெரியும். மார்ட்டின் டோஹெர்ட்டி குழுவினர் 2010-ல் பார்த்தபோது ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதில் ஏறக்குறைய ஏமாறவே இல்லை. கண்ணைத் திசைதிருப்பும் படங்களில் பெரியவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். வேறு சில ஆய்வுகளில் குழந்தைகளும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதால் இது இன்னும் சர்ச்சைதான். பிரான்சில் பபூன் குரங்குகளிடம் இதைக் காட்டியபோது அவை மயங்கவில்லை. சுற்றியிருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து ஒரே உருவமாகக் காணும் பழக்கம் எவ்வளவு வலுவோ அவ்வளவுக்கு மயக்கமும் வலுவாகும் என்பதே பொதுவான விளக்கம்.

இந்த விளக்கத்தின் ஒரு முன்னோடி தமிழ்நாட்டு மலையிலிருந்து வந்தது. ஆங்கிலேய ஆய்வாளர் ரிவர்ஸ் 1901–02-ல் நீலகிரியில் தோடர்களோடு இருந்தபோது, அவர்களுக்குத் தோற்ற மயக்கச் சோதனைகளையும் வைத்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் சிறகுகள் உள்நோக்கி மடங்கும், மற்றதில் வெளிநோக்கி விரியும். விரிந்தது நீளமாகத் தெரியும். இந்த மயக்கத்தில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ‘பழங்குடிகளுக்கு அறிவு குறைவு, எளிதில் ஏமாறுவார்கள்’ என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் வந்த முடிவு இது. முன்பே டாரஸ் நீரிணைத் தீவுகளிலும் இதையே கண்டிருந்த ரிவர்ஸ், ஆங்கிலேயர் உருவத்தை முழுதாகப் பார்க்கிறார்கள், அங்குள்ளவர்கள் கேட்ட கோட்டை மட்டும் பார்க்கிறார்கள் என்று ஊகித்தார். 1966-ல் மார்ஷல் சீகல் குழுவினர் பல நாட்டு மக்களை ஒப்பிட்டு, நேர்கோடும் மூலையும் நிறைந்த கட்டடங்களுக்குள் வளர்பவர்களுக்கே இந்த மயக்கம் அதிகம் என்றார்கள்.

பிறகு டெல்லியிலிருந்து ஒரு குறுக்கீடு. பிறவிக் கண்புரையால் பார்வையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராய்வது பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம். எட்டு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட ஒன்பது பேரிடம், பார்வை வந்த சில நாட்களுக்குள், அதே சிறகுக்கோட்டைக் காட்டினார்கள். கட்டடத்தின் மூலையையே அதுவரை கண்ணால் பார்த்திராத அந்தப் பிள்ளைகள் உடனே மயங்கினார்கள். இது 2015-ல் வெளியானது.

அப்படியானால் ரிவர்ஸ் சொன்னது தவறா? அவசியமில்லை. டெல்லிப் பிள்ளைகளிடம் பார்த்தது மயக்கம் அனுபவம் இல்லாமலேயே வருமா என்பதை. நீலகிரியில் அளந்தது அதன் அளவை. தோடர்களும் மயங்கத்தான் செய்தார்கள், குறைவாக. அட்லாண்டாக் குரங்குகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், ‘மயங்கியது, மயங்கவில்லை’ என்று இனத்துக்கு இனம் முத்திரை குத்துவதைவிட, ஒவ்வொரு குரங்குக்கும் குழந்தைக்கும் எத்தனை புள்ளி கூட்டினால் மயக்கம் உடைகிறது என்று அளப்பதே பயன் தரும். நடுவில் பதினாறு வெள்ளைக்கு எதிராகக் காவிப் புள்ளியைப் பதினேழு, பதினெட்டு என்று கூட்டிக்கொண்டே போய், எந்த எண்ணில் கண் ஒப்புக்கொள்கிறது என்று பார்க்கவேண்டும். பெரியவர்களிடம் அக்ரில்லோ குழுவினர் அந்த அளவீட்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.