வட்டுப் பெட்டியின் விளக்குகள்

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தில், 1836-ஆம் ஆண்டிலே கீழணை கட்டுவதற்காகக் கோயிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். அக்கற்களில் எழுத்துகள் இருந்திருப்பின், அவற்றுக்குப் படி ஏது?

கணிப்பொறியிலும் இவ்வச்சம் உண்டு. அதற்கு மாற்றாக 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் 'ரெய்டு' என்னும் முறையை விளக்கினர். செய்தியைப் பல வன்வட்டுகளில் பகிர்ந்து வைத்து, அவற்றோடு ஒரு சரிபார்ப்புக் கணக்கையும் எழுதி வைப்பர். 'ரெய்டு 5' அமைப்பில் ஒரு வட்டு கெட்டாலும், எஞ்சியவற்றைக் கொண்டு அதன் செய்தியை மீட்கலாம். புதிய வட்டு நிரம்புமுன் இரண்டாவதும் கெட்டால் மீட்சியில்லை. (பெட்டியே தீப்பற்றினால் ரெய்டும் காவாது, வேறிடத்தில் ஒரு படி வேண்டும்.)

இனி, ஒன்றுபோல் நிற்கும் பன்னிரண்டு வட்டுகளுள் கெட்டது எது? நல்லதை உருவிவிட்டால் அமைப்பே நின்றுபோகும். ஆகவேதான் ஒவ்வோர் அறைக்கும் விளக்கு வைத்தனர். பரவலாக வழங்கும் நியதி ஒன்றின்படி, நிலைவிளக்கு அணையாது எரிந்தால் அவ்வட்டு பழுது. விநாடிக்கு ஒரு முறை மின்னினால் செய்தி மீண்டும் எழுதப்படுகிறது. நான்கு முறை மின்னினால், பணியாளர் தேடும் வட்டு அதுவே. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; கையேட்டைப் பார்ப்பதே நலம்.

இவ்விளக்குகளுக்குக் கட்டளையிடுவது கட்டுப்பாட்டுப் பலகை, அல்லது லினக்ஸில் 'லெட்மான்' போன்ற நிரல். அந்நிரலை இயக்காவிடில் பழுது நேர்ந்தும் விளக்கு எரியாதிருக்கலாம். அறை எண்ணைப் பிறழக் கொண்டால் பக்கத்து விளக்கு எரியும்! எனவே பெட்டியை நிறுவும் நாளிலேயே ஒவ்வொரு விளக்கையும் கட்டளையிட்டு எரியச் செய்து, வட்டின் தொடர் எண்ணை அறையின் முகப்பில் ஒட்டிவைத்தல் வேண்டும்.