காட்டுக்குப் போன டாக்டர்

டாக்டர் ஆர். பாலசுப்பிரமணியம் மைசூரு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1984ஆம் ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு மைசூரு மாவட்டத்திலேயே எச்.டி. கோட்டை வட்டத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார்.

அது காட்டுப் பகுதி. அங்கே ஜேனு குறும்பர்கள் வாழ்கிறார்கள். ஜேனு என்றால் கன்னடத்தில் தேன். காட்டில் தேன் எடுத்துப் பிழைத்த மக்கள் அவர்கள். 1973இல் பந்திப்பூர் காடு புலிகள் காப்பகம் ஆயிற்று. 1974இல் கபினி அணை கட்டி முடிந்தது. அதனால் பழங்குடிக் குடும்பங்கள் பல, இருந்த இடத்தை விட்டு வெளியேறின. கபினி ஆறு காவிரியில் சேருகிறது. நம் மேட்டூருக்கு வருவதில் அந்தத் தண்ணீரும் உண்டு.

இடம் இழந்தவர்களுக்கு மருந்து மட்டும் போதுமா? ரேஷன் அட்டை வேண்டும். பட்டா வேண்டும். எதற்கும் எழுத்து வேண்டும். ஆகவே இயக்கத்தார் சரகூரில் மருத்துவமனை நடத்தியதோடு, ஒசஹள்ளியில் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார்கள்.

பின்னாளில் டாக்டர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பாடம் சொன்னார். 2021இல் மத்திய அரசின் திறன் வளர்ப்பு ஆணையத்தில் உறுப்பினர் ஆனார். அரசு ஊழியர்களுக்கு என்னென்ன பயிற்சி தேவை என்று பார்ப்பது அந்த ஆணையத்தின் வேலை.

நாம் மனு கொடுக்கப் போகிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் பாடம் உண்டா? உண்டு. 'கர்மயோகி' என்ற திட்டத்தில் அவர்கள் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆன்லைன் பாடத்தில் ஒரு வசதி: புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். ஒரு குறையும் உண்டு. நம் முகம் வாடினால் கைப்பேசிக்குத் தெரியாது. "எங்கே சிக்கிக்கொண்டாய்?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அவரைத்தான் வழிகாட்டி என்கிறார்கள். அனுபவப்பட்டவர் வழிகாட்டியாக இருந்தால் நல்லது.

ஒரு உதாரணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் கைப்பேசியில் அரை மணி நேரத்தில் கேட்டுவிடலாம். ஆனால் ஒரு பாட்டி வந்து, "என்னிடம் காகிதம் ஏதும் இல்லை" என்கிறார். ஊழியர் என்ன செய்வது? திருப்பி அனுப்பக் கூடாது. கிராம சபைக்கு மனுப் போட வழி சொல்ல வேண்டும். ஊரில் மூத்தவர் வேறொருவர் சொல்வதை எழுதி வாங்கினால், சட்ட விதிப்படி அதுவும் ஒரு சான்றுதான்.