கூனி அல்ல, கிறில்: கடலில் ஏராளம், கடையில் ஏன் விலை?

கொழும்பில் பாமசி நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் சிவப்பு நிறக் குளிசைகள் அடங்கிய போத்தல் ஒன்றை என் கையில் தந்தார். கிறில் எண்ணெய் என்று எழுதியிருந்தது. "நானா, இது எங்கட கூனிதானே? மீன் எண்ணெயை விட இதுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டார். வாடிக்கையாளர்களும் அவரிடம் இதையே கேட்கிறார்களாம். பதில் சொல்ல முடியாத சரக்கை அலுமாரியில் வைத்திருப்பது நல்ல வியாபாரமல்ல. எனவே இந்த வாரம் கிறிலைப் பற்றிப் பார்ப்போம்.

கூனியும் கிறிலும் ஒன்றா?

பார்வைக்கு இரண்டும் குட்டி இறால்தான். ஆனால் இனம் வேறு. நாம் காயவைத்து விற்கும் கூனியில் பெரும்பகுதி அசீட்டீஸ் எனப்படும் சிறு இறாலாகும். இது இறால், நண்டு ஆகியன அடங்கும் பத்துக்காலிகள் வரிசையைச் சேர்ந்தது. கிறிலோ யூபோசியேசியா என்ற தனி வரிசை. உலகக் கடல்களில் இதில் 86 இனங்கள் வரை உள்ளன. இறாலின் சுவாசப் பூக்கள் ஓட்டுக்குள் மறைந்திருக்கும். கிறிலின் பூக்கள் ஓட்டுக்கு வெளியே தெரியும். இதுவே அடையாளம். கிறில் என்பது நோர்வே நாட்டுச் சொல். மீன் குஞ்சு என்பது அதன் கருத்து.

எமது கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் கூனியின் குடும்பத்து இறால்களையே உண்கின்றன என்று ஆஷா டி வோஸ் உள்ளிட்டோரின் ஆய்வொன்று 2018 இல் தெரிவித்தது. மற்றைய கடல்களில் நீலத் திமிங்கிலத்தின் பிரதான உணவு கிறில்தான்.

வியாபாரத்தில் பேசப்படும் இனம் அந்தாட்டிக் கிறில். 6 சென்ரிமீற்றர் நீளம், 2 கிராம் வரை நிறை. ஐந்து, ஆறு வருடங்கள் உயிர் வாழும். கடலின் நுண்ணிய பாசிகளே இதன் உணவு. மாரியில் பனிக்கட்டியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். உணவு கிடைக்காவிட்டால் தன் உடலையே சுருக்கிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் 200 நாட்களுக்கும் மேலாகப் பட்டினி கிடந்து உயிர் தப்பியிருக்கின்றது. கூட்டமாகத் திரளும்போது ஒரு கன மீற்றர் நீரில் பல்லாயிரம் கிறில்கள் இருக்கும். தென் கடலில் இருக்கும் மொத்தக் கிறிலின் நிறை 30 கோடி தொன்னுக்குக் குறையாது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. திமிங்கிலம், பென்குவின், சீல், மீன் என அங்குள்ள பலவும் இதை நம்பியே வாழ்கின்றன.

மூன்று மணித்தியாலச் சரக்கு

இவ்வளவு இருந்தும் ஏன் மலிவாக இல்லை? கிறிலின் வயிற்றிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் மிகவும் பலமானவை. கிறில் இறந்தவுடன் அவை அதன் உடலையே கரைக்கத் தொடங்கிவிடும். மனிதர் உண்பதற்கென்றால் பிடித்து மூன்று மணித்தியாலங்களுக்குள் பதப்படுத்த வேண்டும். அதன் ஓட்டில் புளோரைட்டு அதிகம். ஓட்டை விரைவாக நீக்காவிட்டால் அது சதைக்குள் இறங்கிவிடும். எனவே கரைக்குக் கொண்டுவந்து தரம் பிரிக்க அவகாசமில்லை. கப்பலே தொழிற்சாலையாக இருக்க வேண்டும். நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி கிறிலுக்கல்ல, இந்த ஏற்பாட்டுக்கே.

இதைப் பெரிய அளவில் முதலில் செய்தது சோவியத் ஒன்றியம். 1960களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1970களில் பெரும் கப்பல்களை அனுப்பியது. "ஒக்கியான்" என்ற பெயரில் கிறில் பசை செய்து தன் மக்களுக்கு விற்றது. 1982 இல் முடிந்த பருவத்தில் உலகின் மொத்தப் பிடிப்பு 5 இலட்சத்து 28 ஆயிரம் தொன்னை எட்டியது. ஆனால் அவை அரச பணத்தில் ஓடிய கப்பல்கள். 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும், ஓரிரு வருடங்களில் பிடிப்பு ஒரு இலட்சம் தொன்னுக்கும் கீழே விழுந்தது. சரக்கு கடலில் அப்படியேதான் இருந்தது. செலவைத் தாங்க ஆளில்லாமல் போயிற்று.

தொழிலை மீண்டும் தூக்கி நிறுத்தியவர்கள் நோர்வேக்காரர்கள். வலையைக் கப்பலுக்கு இழுக்காமல், நீருக்குள் இருக்கும்போதே குழாய் மூலம் கிறிலை உயிருடன் உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இதனால் சரக்கு நசுங்குவதும் பழுதடைவதும் குறைந்தது. சந்தையையும் மாற்றினார்கள். இன்று பிடிபடும் கிறிலில் பெரும்பகுதி மாவாக அரைக்கப்பட்டு வளர்ப்பு சால்மன், இறால் ஆகியவற்றின் தீவனத்தில் சேர்கின்றது. ஒரு சிறு பகுதியே குளிசை எண்ணெயாகின்றது. ஜப்பானில் தூண்டில் இரையாகவும் விற்பனையாகின்றது.

கவனிக்க வேண்டிய வரம்பு

இப்பிடிப்பைக் கட்டுப்படுத்துவது 1982 இல் உருவான அந்தாட்டிக் கடல்வாழ் உயிரினங்களைப் பேணும் ஆணைக்குழு. அதன் தலைமையகம் அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் உள்ளது. பிடிப்பு நடைபெறும் தென்மேற்கு அத்திலாந்திக் பகுதிக்கு வருடமொன்றுக்கு 6 இலட்சத்து 20 ஆயிரம் தொன் என்ற எல்லை வகுக்கப்பட்டது. அதைப் பல பிரிவுகளுக்குப் பங்கிடும் விதியும் இருந்தது. 2024 ஒக்டோபர் கூட்டத்தில் நாடுகள் உடன்படாததால் பங்கீட்டு விதி காலாவதியானது. அடுத்த பருவத்தில் கப்பல்கள் விரும்பிய இடத்தில் குவிந்து பிடித்தன. 2025 ஓகஸ்ட் ஆரம்பத்திலேயே முழு எல்லையும் எட்டப்பட்டு, நவம்பர் வரை நடக்க வேண்டிய பருவம் முன்கூட்டியே மூடப்பட்டது. வரலாற்றில் இதுவே முதல் தடவை.

மொத்தத்தோடு ஒப்பிட்டால் 6 இலட்சம் தொன் சொற்பம்தான். ஆனால் பென்குவின்கள் குஞ்சு பொரிக்கும் கரைக்குப் பக்கத்திலேயே அத்தனையையும் பிடித்தால் அவற்றுக்கு மிஞ்சுவது என்ன? பிரச்சினை அதுதான். அதனால் இச்சரக்கின் வரத்தும் விலையும் இனி கடலை மட்டுமன்றிக் கூட்ட மண்டபத்தையும் பொறுத்தவை. புத்தளம் பகுதியில் இறால் பண்ணை வைத்திருப்போர் கிறில் மா சேர்ந்த தீவனம் வாங்கினால் இதை மனதில் கொள்வது நல்லது.

கிறில் எண்ணெய் விற்கும் கடைக்காரர்களுக்கு மூன்று விடயங்கள். முதலாவது, குளிசையின் மொத்த நிறையைப் பார்க்காமல், அதிலுள்ள ஒமேகா 3 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். மீன் எண்ணெயோடு ஒப்பிட வேண்டிய கணக்கு அதுதான். சிவப்பு நிறம் அஸ்டாக்சாந்தின் என்ற இயற்கை நிறப்பொருளால் வருவது. இரண்டாவது, இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். விற்கும்போது கேட்டுவிடுங்கள். மூன்றாவது, குளிசையின் கூடு எந்த ஜெலட்டினால் ஆனது என்பதை லேபிளில் பாருங்கள். எமது வாடிக்கையாளர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். போத்தலைத் திருப்பி லேபிளை வாசித்தார். "நாலு வருசமா விக்கிறன், இன்டைக்குத்தான் வாசிக்கிறன் நானா" என்றார். அவர் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான்.