விளம்பரம் பார்த்தால் பணம்: வணிகர்கள் கணக்குப் பார்க்க வேண்டாமா?

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருபது வருடங்களாக நம்மிடம் சரக்கு எடுத்து வருகிறார். பருப்பு, புளி, மிளகாய் எது எடுத்தாலும் பதினைந்தாம் நாள் பணம் வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவரின் பாக்கி இரண்டு மாதமாக நின்றுபோனது. நேரில் போய் விசாரித்தோம். செல்போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் தரும் என்று சொல்லப்பட்ட ஒரு 'ஆப்'பில் அறுபதாயிரம் ரூபாய் கட்டியிருந்தார். முதல் மாதம் ஒழுங்காகப் பணம் வந்ததாம். அதை நம்பி, கடைக்கு வரும் பதினொரு பேரையும் சேர்த்துவிட்டிருக்கிறார். பிறகு பணம் வருவது நின்றுவிட்டது. அவர் கட்டியது லாபப் பணம் அல்ல, சரக்குக்குத் தர வேண்டிய முதல். இது மற்ற கடைகளிலும் நடக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

விளம்பரத்துக்குப் பணம் புதிதல்ல

விளம்பரத்துக்காக ஒரு கம்பெனி செலவழிப்பது நமக்குத் தெரியாததா? டீத்தூள் பாக்கெட்டில் கூப்பன், சோப்புடன் இலவசப் பொருள், ஷோகேஸில் அடுக்கி வைக்க மாதம் ஒரு தொகை எல்லாம் நம் கடைகளில் பார்த்ததுதான். டி.வி.க்கும் பத்திரிகைக்கும் தரும் பணத்தில் ஒரு பங்கைப் பார்ப்பவருக்கே நேராகத் தரலாமே என்ற யோசனையிலும் தவறில்லை.

அமெரிக்காவில் 1999-ல் ஆல்அட்வான்டேஜ் என்ற கம்பெனி இதைச் செய்து பார்த்தது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் விளம்பரம் ஓட விட்டால் மணிக்கு 50 சென்ட் தந்தது. இலட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். விளம்பர வருமானம் கொடுக்க வேண்டிய தொகைக்கு ஈடாகவில்லை. 2001-ல் மூடிவிட்டார்கள். நம் நாட்டில் 2007-ல் பெங்களூரில் தொடங்கிய எம்ஜிஞ்சர், செல்போனுக்கு வரும் ஒரு எஸ்.எம்.எஸ். விளம்பரத்துக்கு 20 பைசா தந்தது.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரம் பார்ப்பவர் சேர்வதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தந்த தொகையும் சில்லறைதான்.

கோவையில் நடந்தது

கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. 360 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் ரூபாய்க்கு மேல் வரை பல படிகளில் உறுப்பினர் கட்டணம். எந்தப் படியில் சேர்ந்தாரோ அதற்குத் தக்கபடி, விளம்பரம் பார்த்தால் தினப் பணம். புதிதாக ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம். 2024 ஜனவரியில் கோவை மாநகர சைபர் கிரைம் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். அந்த மாதமே நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூர் அருகே திரண்டதைச் செய்திகளில் பார்த்தோம். குற்றமா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் வியாபாரிகள். கணக்கை மட்டும் பார்ப்போம்.

நாம் போடும் கணக்கு

ஒரு விளம்பரத்தை ஆயிரம் தடவை காட்ட, விளம்பரதாரர் 200 ரூபாய் தருகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு தடவைக்கு 20 பைசா. அந்த 20 பைசாவையும் ஆப் நடத்துபவர் தனக்கென்று எதுவும் எடுத்துக் கொள்ளாமல் அப்படியே பார்ப்பவருக்குத் தருவதாகவே நினைப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் அவர் 2,500 விளம்பரம் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடையை எப்போது திறப்பது? எப்போது தூங்குவது?

பத்து இருபது விளம்பரம் பார்த்ததற்கே நூற்றுக்கணக்கில் பணம் வருகிறதென்றால், அது விளம்பரதாரர் தந்த பணமாக இருக்க முடியாது. அடுத்துச் சேருபவர் கட்டும் பணமாகத்தான் இருக்க முடியும். சேருபவர் குறைந்த அன்று கல்லா காலி. முதல் மாதம் பணம் வந்தது என்பது நாணயத்துக்குச் சாட்சி அல்ல.

சேர்த்துவிட்டவரும் பொறுப்பு

1990-களில் அதிக வட்டி ஆசைகாட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டுவிட்டு, பூட்டிய அலுவலக வாசலில் நின்றவர்கள் தி.நகரிலும் அடையாறிலும் நம் வாடிக்கையாளர்களாகவே இருந்தார்கள். அதன் பிறகே 1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது.

வணிகர்கள் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டியது 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். இத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றமல்ல. அதில் ஆள் சேர்ப்பதும் சேர்வதும்கூடக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நமக்குத் தெரியாது, நம்பித்தான் சேர்த்தோம் என்று சொல்லும் நிலைக்கு யாரும் போக வேண்டாம்.

ஆகவே வணிக நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். விளம்பரம் பார்க்க முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே விலகுங்கள். நம் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து ஆள் சேர்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள். கடை வாசலில் அவர்கள் நோட்டீசை ஒட்டாதீர்கள். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், செல்போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

மயிலாப்பூர் நண்பரின் பாக்கியைத் தவணையில் வாங்கிக் கொள்ளச் சம்மதித்தோம். மாதம் தவறாமல் கட்டி வருகிறார். ஆனால் அவர் சேர்த்துவிட்ட பதினொரு பேரில் ஆறு குடும்பம் அவரிடம் மாதக் கணக்கு வைத்திருந்தவர்கள். இப்போது அவர்கள் அவர் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார்கள். பார்த்தும் பேசுவதில்லை என்று சொல்லி வருந்தினார். நாம் ஒரு பொருளை நல்லது என்று சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். பல வருடம் சரியாக எடை போட்டுச் சேர்த்த நம்பிக்கை அது. அதை எந்த ஆப்புக்கும் முதலாகப் போட வேண்டாம்.