சாக்கடைத் தண்டின் திருகிணைப்பு

ஊர்ச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்பொழுது குடிநீர்க் கிணறு, கழிப்பிடம், எருக்குழி ஆகியவற்றைக் குறித்து நாம் விரிவாகப் பேசுகிறோம். நிலத்தடியில் கழிவு நீரைச் சுமந்து செல்லும் குழாயையும், அக்குழாயில் அடைப்பு நேர்ந்தால் அதை நீக்கும் தண்டையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குழாய் அடைபட்டுத் தெருவில் நீர் தேங்கிய பிறகே தண்டின் நினைவு வருகிறது. அந்நேரத்தில் தண்டு நடுவழியில் அறுந்துவிட்டால் நேரும் தொல்லை சொல்லுந்தரமன்று. தண்டு பெரும்பாலும் அறுவது அதன் உடலில் அன்று. துண்டும் துண்டும் சேரும் திருகிணைப்பிலேயாகும். அவ்விணைப்பை வலிவுறச் செய்யும் வழிகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

வடலூர் வட்டாரமும் குழாய்களும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், நெய்வேலிக்கு அண்மையில் அமைந்தது வடலூர். வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் சத்திய தருமச் சாலையையும் 1872-இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய ஊர் இது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று இங்கே பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். நெய்வேலியில் 1935-ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-இல் நிலக்கரிக் கழகம் அமைந்தபின் இவ்வட்டாரம் தொழில் வட்டாரமாயிற்று. நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண்ணைக் கொண்டு பீங்கான் தொழிலும் வளர்ந்தது.

வீடுகள் பெருகப் பெருகத் திறந்த வாய்க்கால்கள் மூடிய குழாய்களாகின்றன. மூடிய குழாயால் கொசுவும் நாற்றமும் குறையும். ஆனால் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. கழிவு நீர்க் குழாய்க்கு மட்டுமின்றி, வண்டிப் பாதைக்கு அடியில் செல்லும் சிமெண்டுக் குழாய், ஏரி மதகின் குழாய், வயலுக்கு நீர் கொண்டு செல்லும் நிலத்தடிக் குழாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். எனவே இப்பொருள் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று.

தண்டு படும் பாடு

மூங்கிலைப் பிளந்து செய்த பிளாச்சுகளை நீளமாகக் கட்டிக் குழாயில் செலுத்துவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பிரம்பாலும், பிற்காலத்தில் பிளாஸ்டிக்கு, கண்ணாடி இழை ஆகியவற்றாலும் செய்த தண்டுகள் வந்தன. இவை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டுகள். ஒவ்வொன்றின் ஒரு நுனியில் ஆண் மரையும் மறு நுனியில் பெண் மரையும் கொண்ட உலோகப் பூண் மாட்டப்பட்டிருக்கும். இரண்டு குழிகளுக்கு இடையே 30 மீட்டர் தூரம் இருப்பின் 30 துண்டுகளும் 29 இணைப்புகளும் வேண்டும். கவலைக் கயிறு ஓரிடத்தில் நைந்துபோனால் எஞ்சிய கயிறு எவ்வளவு உறுதியாயிருந்தும் சால் கிணற்றில் விழுவதுபோல, 28 இணைப்புகள் நன்றாயிருந்து ஒன்று மட்டும் பழுதுபட்டாலும் தண்டு குழாயினுள் தங்கிவிடும்.

தண்டின்மேல் நான்கு வகை விசைகள் தாக்குகின்றன. அடைப்பை நோக்கித் தள்ளும்பொழுது நெருக்கும் விசை. பின்னுக்கு இழுக்கும்பொழுது பிரிக்கும் விசை. சுழற்றும்பொழுது முறுக்கும் விசை. குழியிலிருந்து குழாய்க்குள் வளைந்து நுழையும்பொழுது வளைக்கும் விசை. இவற்றுள் மிகவும் தீங்கு விளைப்பது வளைக்கும் விசையே. வளைந்த நிலையில் தண்டைச் சுழற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பின் ஒரே இடம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெருக்குண்ணும். ஒரு கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் பலமுறை மடக்கி ஒடிப்பதை நாம் அறிவோம். இணைப்பிலும் அதுவே நிகழ்கிறது. ஆதலால் நேற்றுவரை உழைத்த தண்டு இன்று சிறு விசைக்கே ஒடிவதில் வியப்பில்லை.

முறியும் இடங்கள்

முதலாவது, ஆண் மரை தொடங்கும் இடம். மரை வெட்டும்பொழுது உலோகத்தின் பருமன் குறைகிறது. முக்கால் அங்குல விட்வொர்த் மரையின் வெளி விட்டம் 19 மில்லி மீட்டர். மரையின் அடிப்பள்ளத்தில் அளந்தால் 15.8 மில்லி மீட்டரே. உருண்ட கம்பியின் வளைவு தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் முப்படியை ஒட்டியது. ஆகவே அவ்விடத்தில் எஞ்சும் வலிமை 57 விழுக்காடு மட்டுமே. கூரிய பள்ளம் இதை மேலும் கெடுக்கும். துணிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டு எளிதாகக் கிழிப்பதுபோல, கூரிய பள்ளத்திலிருந்து விரிசல் ஓடத் தொடங்கும்.

இரண்டாவது, பூணின் வாய். பூண் வளையாது, தண்டு வளையும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் தண்டின் நார்கள் நசுங்கி அறுகின்றன.

மூன்றாவது, பூணைத் தண்டுடன் பிணைக்கும் ரிவெட் ஆணி. ஆணிக்காகத் துளையிட்ட இடத்தில் மூங்கிலோ பிரம்போ பிளந்துவிடும். துளை வழியாக நீர் புகுந்து உள்ளே அழுகும்.

நான்காவது, முறிவன்று, கழல்வது. வலமாகத் திருகி இறுக்கிய மரை, தண்டை இடமாகச் சுழற்றினால் தானே கழன்றுவிடும். அடைப்பில் சிக்கிய முன்துண்டு அங்கேயே நின்றுவிட, பின்துண்டு மட்டும் கைக்கு வரும்.

பூமியைத் துளைக்கும் தண்டுகள் தரும் பாடம்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியை இன்று எல்லாக் கிராமங்களிலும் காணலாம். அதன் தண்டுகள் பல நூறு அடி ஆழம் இறங்கிக் கடும்பாறையைத் துளைக்கின்றன. அவற்றின் மரையை நோக்கினால் சில உண்மைகள் விளங்கும். மரை பருமனாகவும் நுனி நோக்கிச் சரிந்தும் இருக்கும். அதனால் எளிதில் பொருந்தும், சேறு பட்டாலும் சிக்காது. இறுக்கிய பிறகு ஆண் துண்டின் தோள் பெண் துண்டின் முகத்தில் அழுந்தி உட்காரும். விசையின் பெரும்பகுதியைத் தாங்குவது மெல்லிய மரையன்று, பருத்த தோளேயாகும்.

இந்திய அரசும் யுனிசெஃப் நிறுவனமும் 1970-களில் உருவாக்கிய இந்தியா மார்க் 2 கைப்பம்பு மற்றொரு பாடம் தருகிறது. அதனுள் 12 மில்லி மீட்டர் கம்பிகள் மரையால் இணைந்து தொங்குகின்றன. அக்கம்பிகள் குழாயினுள் நேராக நின்று மேலும் கீழும் மட்டுமே இயங்குவதால் மெல்லிய மரையே போதுமானதாகிறது. வளைந்து சுழலும் சாக்கடைத் தண்டிற்கு அவ்விணைப்பு ஏற்றதன்று. எனவே கைப்பம்புக் கம்பியின் இணைப்பைத் தண்டிற்கு மாட்டிச் செலவைக் குறைக்கலாம் என எண்ணுவது தவறாகும்.

வலிவான இணைப்பிற்குரிய இலக்கணங்கள்

1. தோள் அமைத்தல்: ஆண் மரையின் அடியில் அகன்ற தோள் இருக்கவேண்டும். இறுக்கியதும் அது பெண் பூணின் முகத்தில் முழுவதும் படிய வேண்டும். இடையே காகிதப் பருமன் இடைவெளி இருந்தாலும் வளைவு விசை முழுவதும் மரையின் மேல் விழும். கையால் மட்டும் இறுக்குவது போதாதாகையால், இரு பூண்களிலும் ஸ்பானர் பிடிப்பதற்கான தட்டை முகங்கள் வெட்டவேண்டும்.

2. வளைந்த பள்ளம்: மரை முடியும் இடத்திற்கும் தோளிற்கும் இடையே கூரிய மூலை இருத்தலாகாது. அங்கே வழவழப்பான வளைந்த பள்ளம் கடைந்துவிட்டால் விரிசல் தொடங்குவது குறையும். கடைசல் பட்டறையில் இதற்கு ஆகும் வேலை சில நிமிடங்களே.

3. உருண்டை மரை: கூரிய மரையைவிட, மேடும் பள்ளமும் உருண்ட பருமனான மரை சிறந்தது. பழைய ரயில் பெட்டிகளை இணைத்த திருகுகளில் இவ்வகை மரையே இருந்தது. மணலும் வண்டலும் இதில் சிக்கிக்கொள்வது அரிது. துணியால் துடைத்தால் தூய்மையாகும்.

4. தக்க பருமன்: மரையின் வெளி விட்டத்தை 24 மில்லி மீட்டராகவும் பள்ளத்தின் ஆழத்தை 2 மில்லி மீட்டராகவும் வைத்தால் அடி விட்டம் 20 மில்லி மீட்டராகும். முன்சொன்ன 15.8 மில்லி மீட்டரோடு ஒப்பிட்டால் வளைவு தாங்கும் வலிமை இரு மடங்காகிறது. ஆயினும் பருமன் கூடினால் பாரமும் கூடும். பல துண்டுகளைத் தூக்கிச் சுமப்பவர் ஆள்தான் என்பதை மறத்தலாகாது. எனவே முதலில் தோளையும் பள்ளத்தையும் செம்மை செய்து, அதன் பிறகே பருமனைக் கூட்டவேண்டும்.

5. மரையின் நீளம்: மரை நீண்டால் வலிமை அதே அளவில் வளரும் என்பது சரியன்று. சுமையின் பெரும்பகுதியை முதல் சில சுற்றுகளே தாங்குகின்றன. விட்டத்தைப் போல் ஒன்று அல்லது ஒன்றரை மடங்கு நீளம் போதுமானது. அதற்குமேல் நீட்டினால் வளையாத பகுதி நீண்டு, குழாயின் திருப்பத்தில் சிக்கும்.

6. பூணின் வாய்: உலக்கைப் பூண்போல் சட்டென முடியாமல், பூணின் வாய் மெலிந்து சிறிது விரிந்து முடியவேண்டும். அப்பொழுது தண்டு ஒரே விளிம்பில் ஒடியாமல் படிப்படியாக வளையும். ரிவெட் ஆணிகளை ஒரே வரிசையில் அடிக்காமல், முன்னும் பின்னுமாகவும் குறுக்காகவும் அமைத்தால் தண்டு பிளவாது. பூணினுள் பசை நிரப்பி நீர் புகாமல் அடைப்பது நன்று.

7. பூட்டு: இணைப்பு கழலாதிருக்க, வில்லால் தள்ளப்படும் சிறு முளையொன்றை அமைக்கலாம். முளைக்குரிய துளையை மரையின் அடியில் இடாமல், விசை குறைந்த நுனிப் பகுதியில் இடவேண்டும்.

எவ்வுலோகம் ஏற்றது?

பித்தளை துருப்பிடிக்காது, கடைவதும் எளிது. ஆனால் அது மென்மையானது, மரை தேயும். கழிவு நீரில் நெடுநாள் கிடந்தால் சில வகைப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து உலோகம் நொய்ம்மையடையும். சாதாரண எஃகு வலியது, விரைவில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகில் துருக் கவலை குறைவு. எனினும் எஃகும் எஃகும் உராய்ந்து மரை பிடித்துக்கொள்வதுண்டு. ஆண் மரையைத் துருவேறா எஃகாலும் பெண் மரையை வெண்கலத்தாலும் செய்து, மசகும் தடவினால் இக்குறை நீங்கும்.

வாங்குமுன் சோதித்தல்

பஞ்சாயத்து தண்டு வாங்கும்பொழுது விலையை மட்டும் பார்த்தல் போதாது. எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் தடையின்றித் திருகவேண்டும். இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-ஆம் ஆண்டிலேயே மரைகளுக்கு ஒரே அளவு வேண்டுமென வகுத்ததன் பயன் இதுவே. இருவேறு பட்டறைகளில் வெவ்வேறு அளவில் செய்த துண்டுகளைக் கலந்தால் மரை கெடும். இறுக்கிய பின் தோளின் இடையே காகிதம் நுழைகிறதா எனப் பார்க்கவேண்டும். இரு துண்டுகளை இணைத்து, உறுதியான உத்திரத்தில் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு சிமெண்டு மூட்டைகளைக் கட்டி 100 கிலோ இழுவையைச் சோதிக்கலாம். மூன்று துண்டுகளை இணைத்து, குழியில் வளையும் அளவிற்கு வளைத்துப் பலமுறை சுழற்றிப் பார்த்தபின் மரையின் அடியில் விரிசல் உண்டா என ஆராயவேண்டும்.

பயன்படுத்தும் முறை

தண்டைத் தள்ளும்பொழுதும் இழுக்கும்பொழுதும் வலப்புறமாகவே சுழற்றவேண்டும். முன் நுனியில் ஒரு மெல்லிய இரும்பு வடத்தைக் கட்டி, தண்டோடு கூடவே உள்ளே விடுவது சிறந்த காப்பு. நடுவில் இணைப்பு அறுந்தாலும் வடத்தை இழுத்து முன்பகுதியை மீட்கலாம். வேலை முடிந்ததும் மரைகளைக் கழுவித் துடைத்து, மசகு தடவி, துண்டுகளைத் தரையில் போடாமல் நிழலில் படுக்கையாக அடுக்கவேண்டும். மரை தேய்ந்த துண்டை வேறாகக் குறியிட்டு விலக்கவேண்டும். நல்லவற்றோடு கலந்து வைத்தலாகாது.

ஓர் உயிரின் பொருட்டு

இத்தனை நுணுக்கமும் ஏன் என்று கேட்கலாம். தண்டு உள்ளே அறுந்துவிட்டால், அதை எடுக்க ஆளை இறக்கலாமென்ற எண்ணம் எழுகிறது. அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று மகிழும் நேரத்தில் ஆள் மயங்கி விழுவான். அவனை மீட்க இறங்கியவரும் உடன் மடிந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பல.

தக்க பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ துப்புரவுக்கு ஈடுபடுத்தலாகாது என்று 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தனிமனிதரையும் உள்ளாட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. மீறினால் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. இத்தகைய சாவு நேர்ந்தால் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தீர்ப்பளித்தது. இழப்பீடு எத்துணையாயினும் போன உயிர் மீளாது. ஆதலின் தண்டு அறுந்தால் ஆளை இறக்காமல், மறுமுனைக் குழியிலிருந்து திருகுக் கொக்கியால் எடுக்க முயலவேண்டும். இயலாவிடில் உறிஞ்சும் இயந்திர வண்டியை வரவழைக்க வேண்டும். அதுவும் பயன்படாவிடில் மேலிருந்து தோண்டிக் குழாயைத் திறக்கவேண்டும்.

ஜீவகாருண்யத்தைப் போதித்த வடலூரின் வட்டாரத்திலும், தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களிலும், பஞ்சாயத்துகள் தம் கிடங்கிலுள்ள தண்டுகளை இம்மாதமே வெளியில் எடுத்து ஒவ்வோர் இணைப்பாகச் சோதிப்பார்களாக. தோள் படியாததும், மரை தேய்ந்ததும், பூண் ஆடுவதும் உடனே விலக்கப்படட்டும். கடைசல் பட்டறையில் செலவிடும் சிறு தொகை, குழிக்குள் ஒருவரும் இறங்க வேண்டாத நிலையை ஊருக்கு அளிக்கும்.