மலைநாட்டு மேசையில் மக்கறோனி

ஒரு மொழி எவ்வெவர் கைகளைத் தொட்டு வந்தது என்று அறிய விழைவோர் அகராதியைப் புரட்டுவர். அவர்கள் அடுக்களையையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று. கண்டி நகரத்துத் தமிழ் இல்லம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். பாண் இருக்கின்றது, அது சுடப்பட்ட இடம் போறணை. சமைக்கும் இடத்தைக் குசினி என்கின்றோம். மேசை, கோப்பை, அலுமாரி என்பனவும் நம் நாவில் இயல்பாய்ப் புரள்கின்றன. இவை யாவும் போர்த்துக்கேயர் வழிவந்த சொற்கள். 1505 இல் இத்தீவின் கரையில் இறங்கிய அம்மக்கள் கண்டியைப் பலமுறை தாக்கியும் அதனை நிலையாக ஆள இயலவில்லை. 1815 இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை கண்டி தன்னாட்சியுடனேயே நின்றது. படையால் நிலைக்க முடியாத மலையில் சொற்கள் ஏறி நிலைத்துவிட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வரிசையில் அண்மைக்காலத்து விருந்தாளி ஒன்று உளது. மக்கறோனியை அவித்து, பாற்குழம்பும் பாற்கட்டியும் கலந்து, போறணையில் மேற்புறம் பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் உணவே அது. நகரத்துப் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அது துண்டுதுண்டாக வீற்றிருக்கின்றது. பிறந்தநாளன்றும், நத்தார்க் காலத்திலும், வெளியூரிற் பயிலும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் இரவுகளிலும் இல்லங்களில் ஆக்கப்படுகின்றது. “இதுவும் நம் உணவோ?” என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. வினா நியாயமானதே. விடையைச் சற்று ஆய்ந்து காண்போம்.

நூலும் குழலும்

மாவைப் பிசைந்து நூலாகவும் குழலாகவும் ஆக்கி உண்ணும் வழக்கம் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இவ்வுணவை இத்தாலிக்குக் கொணர்ந்தார் என்பது வெறுங்கதை. அவர் ஊர் திரும்பியது 1295 இல். அதற்கு முன்னரே, 1279 இல், ஜெனோவா நகரத்து ஆவணம் ஒன்று இறந்தார் ஒருவரின் உடைமைகளுள் ஒரு கூடை மக்கறோனியையும் கணக்கிட்டுள்ளது. அதற்கும் முன்னர், 1154 இல், அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலறிஞர் சிசிலித் தீவின் திராபியா என்னும் ஊரில் மாநூல் உணவு மிகுதியாகச் செய்யப்பெற்றுக் கப்பல்களில் ஏற்றப்படுவதை எழுதி வைத்தார். பதினான்காம் நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்து அரண்மனைச் சமையல் நூலொன்று, மாத்துண்டுகளை அவித்து வெண்ணெயும் பாற்கட்டியும் அடுக்கி உண்ணும் முறையைக் கூறிற்று. 1769 இல் எலிசபெத் ரஃபால்ட் என்னும் மாது வெளியிட்ட இல்லறச் சமையல் நூலில் மக்கறோனியும் பாற்கட்டியும் கூடிய பண்டம் இடம்பெற்றது. ஆக, இத்தாலியருடையது எனப்படும் உணவிலும் அரபியர் கையும் ஆங்கிலேயர் கையும் கலந்தே கிடக்கின்றன.

நம் பக்கம் வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அப்பவாணிகராகிய கூவியர் கரிய சட்டியில் ஆக்கிய, இழை சுற்றினாற் போன்ற வட்டப் பண்டம் பாலிற் கலந்து கிடக்கும் காட்சி உவமையாக வருகின்றது. அது இன்றைய இடியப்பத்தின் மூதாதையே என்று கருதுவார் உளர். அஃதெவ்வாறாயினும், இழை வடிவான பண்டமும் பாலும் கூடுதல் தமிழ் நாவிற்குப் புதிதன்று. வேறுபாடு தானியத்திலும் வெப்பத்திலுமே உளது. அவர்க்குக் கோதுமை, நமக்கு அரிசி. அவர்க்குப் போறணையின் வறண்ட அனல், நமக்கு நீராவி. இடியப்பத் தட்டும் மக்கறோனித் தட்டும் தூரத்து உறவினரே என்க.

பாலாடையா, பாற்கட்டியா?

உண்மையிற் புதியது பாற்கட்டிதான். சீஸ் என வழங்கும் இதனைப் பாலாடைக்கட்டி என்று நம்மவர் மொழிபெயர்த்தனர். பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேற்படியும் ஏடு. இதுவோ பாலைத் திரித்து, நீரை வடித்து, திரளை உப்பிட்டு அழுத்திப் பக்குவப்படுத்துவது. ஆடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆதலின் பாற்கட்டி என்பதே பொருட்பொருத்தம் உடையது. ஈண்டு அதனையே ஆளுகின்றேன். சிங்கள உடன்பிறப்புகள் இதனைக் ‘கேஜு’ என்பர். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லின் வழியதே.

நம் முன்னோர் பாற்கட்டியை நாடாமைக்குக் காரணம் அறிவின்மையன்று. வெப்பநாட்டில் காலையிற் கறந்த பால் மாலைவரை நில்லாது. அதனைத் தயிராக்கி, கடைந்து மோரும் வெண்ணெயும் பிரித்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினால் குளிர்ப்பெட்டி இன்றியே பல நாள் நிற்கும். நெய்யே நம் நாட்டின் பாற்சேமிப்பு. குளிர்நாட்டார் அதே தேவையைப் பாற்கட்டியால் நிறைவேற்றினர். இன்று மலைநாட்டிலும் அது ஆக்கப்படுகின்றது. கொத்மலை என்னும் நம் அயலூரின் பெயரே பாற்கட்டிப் பொதியின் மேல் அச்சிடப்பட்டுக் கடைகளில் விற்பனையாகின்றது.

பங்களாவும் லயமும்

இவ்வுணவு நம் மலைக்கு ஏறிய வழியையும் மறத்தலாகாது. ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். அதே ஆண்டிற் புகையிரதமும் கண்டிக்கு வந்தது. துரைமாரின் பங்களாக் குசினிகளில் மேனாட்டுப் பண்டங்கள் வெந்தன. வெண்குழம்பு காய்ச்சும் நுட்பத்தை நம் நாட்டுச் சமையற்காரர் கைப்பழக்கத்தாற் கற்றனர். 1929 இல் வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் போன்றன ஆங்கிலம் கற்ற இல்லங்களுக்கு அவ்வகை உணவுகளைக் கொண்டு சென்றன.

அப்பங்களாவிற்குக் கீழே, அதே மலைச்சரிவில், லயத்து அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் தட்டிலும் கோதுமை வந்து சேர்ந்தது. ஆயின் அது ரொட்டியாகக் கல்லிற் சுடப்பட்டுச் சம்பலோடு உண்ணப்பட்டது. இன்றும் தோட்டத்து இல்லங்களில் ரொட்டியே பெரும்பாலும் உணவு. இலங்கை மண்ணிற் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் தானியத்தைத் திருகோணமலைச் சீனன்குடாவிலுள்ள பிறிமா ஆலை 1980 முதல் அரைத்துத் தருகின்றது. ஒரே தானியம் ஒரு மலையின் மேலே விருந்தாகவும் கீழே பசிக்கு மருந்தாகவும் நின்றது. மக்கறோனித் தட்டை மேசையில் வைக்கும்போது இவ்வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நம் கடன். சுவையோடு வரலாறும் பரிமாறப்படட்டும்.

ஆக்கும் முறை

இனி, ஆக்கும் முறையைக் கூறுவேன். அறுவர் உண்ண 250 கிராம் மக்கறோனி போதும். இரண்டரை இலீற்றர் நீரை உப்பிட்டுக் கொதிக்கவைத்து அதில் இடுக. பொதியிற் குறித்த நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்னரே, நடுவிற் சிறிது உறுதி இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். எஞ்சிய வேக்காடு போறணையில் நிகழும். கடலிலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் நீர் 98 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 1,800 மீற்றரைக் கடந்த நுவரெலியாவில் 94 பாகையளவிற் கொதிக்கும். ஆதலின் மேலே செல்லச் செல்ல அவியும் நேரம் நீளும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் குடிபெயர்ந்தோர் பருப்பு வேகவில்லை என்று முறையிடுவதன் காரணமும் இதுவே.

அடுத்தது பாற்குழம்பு. 50 கிராம் பட்டரை உருக்கி, நறுக்கிய வெங்காயம் ஒன்றையும் பச்சைமிளகாய் இரண்டையும் வதக்கி, 50 கிராம் கோதுமை மாவைத் தூவி மெல்லனலிற் கிளறுக. மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்புச் சூழ்ந்துகொள்வதால் பின்னர் கட்டிபடாது. 700 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றித் துழாவிக்கொண்டே இருந்தால் குழம்பு தடிக்கும். பால்மாவைக் கரைத்த பாலும் ஆகும். மக்கறோனி ஈரத்தை உறிஞ்சுமாதலால் குழம்பு சற்று இளகியே இருத்தல் வேண்டும். அடுப்பினின்று இறக்கிய பின்னரே துருவிய பாற்கட்டி 150 கிராமைச் சேர்க்க. கொதியிற் சேர்த்தால் கொழுப்புப் பிரிந்து திரிதிரியாகும்.

மாத்தளை மிளகு சிறிது, கடுகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை சேர்க்க. இத்தீவில் சாதிக்காய் மிகுதியாய் விளைவது கண்டி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களிலேயே. அதுவும் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டு இங்கு வந்து குடியேறிய மரமே என்பதை நினைவிற் கொள்க. மக்கறோனியைக் குழம்பிற் புரட்டிப் பட்டர் பூசிய தட்டிற் பரப்பி, எஞ்சிய 50 கிராம் பாற்கட்டியையும் ஒரு பிடி பாண்தூளையும் மேலே தூவி, 190 பாகைச் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் சுடுக. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் துண்டு போட வரும். போறணை இல்லாதோர் அடிகனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேற் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் தணல் இட்டுச் சுடலாம்.

2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்காகவும் பால்மாவுக்காகவும் நம் மக்கள் தெருவில் வரிசையாய் நின்றனர். பல இல்லங்களில் விறகடுப்பு மீண்டும் புகைந்தது. அந்நாட்களில் இத்தகைய பண்டத்தைக் கனவிலும் நினைத்திலர். ஆதலின் இதனை நாள்தோறும் வேண்டும் உணவாகக் கூறுகின்றேனல்லேன். ஆசிரியச் சம்பளத்தில் வாழும் இல்லத்திற்கு ஆண்டில் சிலமுறை போதும்.

எல்லாரும் அமரும் பந்தி

இவ்வுணவை யான் மதிக்கும் காரணம் சுவை ஒன்றன்று. நம் இல்லங்களில் அப்பமும் தோசையும் ஒவ்வொன்றாகச் சுடப்படுவன; சூட்டோடு உண்ணவேண்டுவன. சுடுகின்றவள் அடுப்படியில் நிற்க, ஏனையோர் உண்டு எழுவர். இறுதியிற் சட்டியில் எஞ்சியதை அவள் தனித்து உண்பாள். என் தாயார் எங்களோடு அமர்ந்து உண்ட இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனை அன்பென்று போற்றினோமேயன்றி, அவருக்கும் பசிக்கும் என்று எண்ணினோமில்லை.

போறணையில் வேகும் உணவோ ஆக்குவோளை விடுவிக்கின்றது. தட்டை உள்ளே வைத்துவிட்டால் அரை மணி நேரம் அவளுக்குரியது. வெளியே எடுத்தபின் அது முழுதாக மேசைக்கு வரும். ஆக்கியவளும் கைகழுவி எல்லாரோடும் ஒருங்கே அமர்வாள். ஒருவர் தனியறையில் பாடத்தோடும், ஒருவர் கைத்தொலைபேசியோடும், ஒருவர் மாலைநேர வகுப்பிலுமாகப் பிரிந்து உண்ணும் இக்காலத்தில், ஆறினாற் சுவை குன்றும் ஒரே தட்டு அனைவரையும் ஒரே வேளையில் அழைத்துவிடுகின்றது. மொறுமொறுப்பான ஓரத்துண்டு யாருக்கென்று பிள்ளைகள் வழக்காடும் ஓசையும் இல்லத்திற்கு வேண்டுவதே. இடியப்ப இரவிலும் இவ்வாறு ஒருங்கமர முடியாதா என்று கேட்பீர். முடியும்; பிழிந்து அவித்து முடித்தபின் எல்லாரும் அமர்வது என்று இல்லத்தார் உறுதி கொண்டால் முடியும். மேனாட்டுத் தட்டினின்று நாம் கற்கவேண்டியது இவ்வொழுங்கையே.

வந்த சொல்லும் வந்த உணவும்

முதல் வினாவுக்கு மீள்வோம். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களுள் திசைச்சொல்லையும் வடசொல்லையும் சேர்த்தே எண்ணினார். வடசொல் புகும்போது தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்துதல் வேண்டும் என்று விதித்தார். வாயிலை அடைக்காது, வருவோர்க்கு முறை வகுத்த பெருமை அது. ‘ஃபோர்னோ’ போறணை ஆகியது அம்முறையின் வழியே. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த காரக்காயைக் கண்ட தமிழர், தாம் முன்னறிந்த மிளகோடு அதனை உறவுபடுத்தி மிளகாய் என்று பெயரிட்டனர். இன்று மிளகாயை அயலான் என்பார் யார்?

மக்கறோனிக்கும் மாக்குழல் என்று பெயர் சூட்டலாம். ஆயின் மகரத்தில் தொடங்கி இகரத்தில் முடியும் அச்சொல் தமிழோசைக்கு முரண்படாது தானே இணங்கி வந்துவிட்டது. அதனை வருத்த வேண்டுவதில்லை. உணவும் அவ்வாறே பச்சைமிளகாயையும் கண்டிச் சாதிக்காயையும் ஏற்று நம்மோடு இணங்குகின்றது. நம் உணவு எது என்பதை அதன் பிறப்பிடத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அதனை உண்ணும் பந்தியில் ஆக்கியவளுக்கும் ஓர் இருக்கை உண்டா என்பதையும் பார்த்தே அளத்தல் வேண்டும்.